இரண்டு டயரா, நான்கு டயரா: ஃபீனிக்ஸ் நாஸ்கார் நாட்குறிப்பு

அக்டோபர் 30, 2025, வியாழன்

அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயம் நாஸ்கார். அதன் உச்சத் தொடரான கப் தொடரின் கடைசிப் பந்தயம் ஞாயிறன்று, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் ரேஸ்வேயில். பிப்ரவரியில் டேடோனாவில் ஆரம்பித்த 36 பந்தயங்கள் அங்கே முடிகின்றன. 2025-ன் சாம்பியன் யார் என்பதும் அன்று சாயங்காலம் தெரிந்துவிடும். அதற்கு முன் வெள்ளியும் சனியும், கீழ்மட்டத் தொடர்கள் இரண்டின் இறுதிப் பந்தயங்களும் அதே இடத்தில்தான். மூன்றுக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே எழுதிப் போடுகிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து ஐ-10 பிடித்தால் நேராக ஃபீனிக்ஸ், சுமார் 600 கிலோமீட்டர். பாம் ஸ்பிரிங்ஸ் காற்றாலைகளைத் தாண்டியதும் பாலைவனம். பிளைத் ஊரருகே கொலராடோ ஆற்றைக் கடந்தால் அரிசோனா. குவார்ட்ஸைட்டில் பெட்ரோல் போட்டபோது பக்கத்து பம்ப்பில் ஒரு பெரிய கேம்பர் வண்டி நின்றது. அதன் பின் கண்ணாடி முழுக்க 24 என்ற எண். வில்லியம் பைரனின் ஆட்கள். கையசைத்தேன், அவர்களும் அசைத்தார்கள். சாலையில் அப்புறம் இப்படி எண் ஒட்டிய வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. 5, 11, 19, 24.

இந்த நான்கு எண்கள்தான் ஞாயிறன்று கணக்கு. ஆரம்பத்தில் கடை மாடல் கார்களையே ஓட்டியதால் ஸ்டாக் கார் என்ற பெயர். இன்றைய கார் பந்தயத்துக்கென்றே செய்வது: சுமார் 1450 கிலோ எடை, வி8 எஞ்சின், ஏபிஎஸ் கிடையாது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது. முப்பத்தேழு, முப்பத்தெட்டு கார்கள் ஓடும். ஆனால் கோப்பைக்கு உரியவர்கள் நாலே பேர். இலையுதிர் காலத்தில் நடக்கும் ப்ளேஆஃப் பந்தயங்களில் நான்கு நான்கு பேராகக் கழித்துக் கழித்து, கடைசியில் நால்வரை நிறுத்துகிறார்கள். அந்த நால்வரும் சமப் புள்ளியில் தொடங்குவார்கள். கடைசிப் பந்தயத்தில் மற்ற மூவரை முந்தி யார் முடிக்கிறாரோ அவர் சாம்பியன். அதுவரை எத்தனை வென்றார் என்பதற்கு மதிப்பில்லை. 2014 முதல் இதுதான் முறை.

5 கைல் லார்சன், 11 டென்னி ஹாம்லின், 19 சேஸ் பிரிஸ்கோ, 24 பைரன். நான் ஹாம்லின் பக்கம். அவருக்கு வயது 44. முழு நேரமாக ஓட்டத் தொடங்கி இது 20-வது சீசன். இந்த மாதம் லாஸ் வேகஸில் ஜெயித்தது அவருடைய 60-வது வெற்றி. தொடரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500 மட்டும் மூன்று முறை. ஆனால் சாம்பியன் பட்டம் ஒன்றுகூட இல்லை. பட்டமே இல்லாமல் இத்தனை பந்தயம் வென்ற இன்னொருவர் இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே கிடையாது. மகனை ஓட்டுநராக்க வீட்டை அடமானம் வைத்த குடும்பம் அது. இப்போது அப்பாவின் உடல்நிலை மோசம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த ஒரு தடவையாவது கிடைக்கவேண்டும்.

சாண்ட்லரில் மைத்துனர் வீட்டில் தங்கல். அங்கே சிப் தொழிற்சாலையில் வேலை அவருக்கு. இரவு தோசைக்கு உட்கார்ந்தபோது கேட்டார்: "ஏனுங்க மாமா, கடைசி ரேஸ்ல மத்த மூணு பேர முந்துனாப் போதும்னா, வருஷம் பூரா எதுக்குங்க ஓடறாங்க?" எனக்கும் அதே கேள்விதான்.

அக்டோபர் 31, வெள்ளி

ரேஸ்வே இருப்பது ஃபீனிக்ஸுக்கு மேற்கே அவண்டேலில். 1964-ல் கட்டியது. சுற்றளவு ஒரு மைல். தெற்கே எஸ்ட்ரெல்லா மலைத்தொடர், பக்கத்தில் கிலா ஆற்றுப் படுகை. ஓட்டப்பாதையை ஒட்டினாற்போல ஒரு மொட்டைக் குன்று. அரிசோனாவின் நில அளவைக்கான தொடக்கப் புள்ளியே அந்தக் குன்றுதான். மாநிலத்துப் பத்திரங்களில் இருக்கும் அளவெல்லாம் அங்கிருந்து எண்ணியது. முன்பெல்லாம் ரசிகர்கள் அதன் சரிவிலேயே உட்கார்ந்து பந்தயம் பார்த்ததுண்டு.

இந்த ஓட்டப்பாதை முழு நீள்வட்டம் இல்லை. ஒரு பக்கம் நேராகப் போகாமல் நடுவில் மடங்கும். அதை டாக்லெக் என்கிறார்கள். 2018-ல் 178 மில்லியன் டாலர் செலவில் புதுப்பித்தபோது, தொடக்கக் கோட்டை அந்த மடக்குக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். இதனால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும், அதாவது நிறுத்திய பந்தயம் மறுபடி தொடங்கும்போதெல்லாம், ஒரு காட்சி உண்டு. பச்சைக் கொடி விழுந்ததும் வண்டிகள் பாதையை விட்டுக் கீழே இறங்கி, தட்டையான தார் விளிம்பின் மேலேயே மடக்கைக் குறுக்கே வெட்டிப் பாயும். இரண்டு வரிசையாக வந்தவை நொடிக்குள் ஐந்தாறு வரிசையாக விரியும். முதல் வளைவிலோ இரண்டுக்குத்தான் இடம். மற்றவை அதற்குள் யாராவது ஒருவருக்கு வழிவிட்டாக வேண்டும். தொலைக்காட்சியில் இது பாதிகூடத் தெரியாது. நேரில் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

இன்னொரு பழைய கதையும் இந்த மண்ணில் உண்டு. 1988-ல் கப் தொடர் முதல்முறை இங்கே வந்தது. அன்று வென்றவர் ஆலன் குல்விக்கி. அதுவே அவருடைய முதல் வெற்றி. ஜெயித்த கையோடு வண்டியைத் திருப்பி, எதிர்த்திசையில் ஒரு சுற்று வந்தார். ஓட்டுநர் ஜன்னல் கூட்டத்தின் பக்கம் இருந்தால்தானே எல்லாருக்கும் கையசைக்க முடியும். பின்னாளில் ஒரு பட்டமும் ஜெயித்தார். அது வேறு விதமான இறுதிப் பந்தயம், பிறகு சொல்கிறேன்.

இன்று ட்ரக் தொடர். பிக்கப் வண்டி வடிவத்தில் ஓடும் பந்தயம். கோயம்புத்தூர்க்காரனாக இதில் எனக்கு ஒரு தனிப் பாசம். நம்ம நரேன் கார்த்திகேயன் 2010-ல் ஓட்டியது இந்தத் தொடரில்தான். நாஸ்காரின் தேசியத் தொடர் ஒன்றில் இறங்கிய முதல் இந்தியர் அவர். ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அந்த ஆண்டின் மிகப் பிரபலமான ட்ரக் ஓட்டுநராகவும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபார்முலா ஒன் ஓட்டிவிட்டு வந்து இந்தக் கனத்த வண்டியை நீள்வட்டத்தில் பழகுவது லேசுப்பட்ட காரியமில்லை. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது பெரிய விஷயம். ஊரில் இன்றும் பலருக்கு இது தெரியாது.

வெயில் தாழ்ந்தபோது பந்தயம் தொடங்கியது, விளக்கு வெளிச்சத்தில் முடிந்தது. ஹாலோவீன் என்பதால் பிள்ளைகள் வேடம் போட்டு வந்திருந்தார்கள். எலும்புக்கூடு உடுப்பு போட்ட ஒரு குட்டிப் பையன், காதில் பெரிய ஹெட்செட்டோடு அப்பாவின் தோளிலேயே தூங்கிப்போனான்.

கோரி ஹீம் இந்த ஆண்டு முதல் 24 ட்ரக் பந்தயங்களில் 11 வென்றவர். இந்தத் தொடரின் பழைய சாதனை 1999-ல் கிரெக் பிஃபிள் வென்ற 9. அப்படிப்பட்டவரும் இன்று ஒரு மஞ்சள் கொடியால் (விபத்து நடந்தால் எல்லா வண்டியையும் மெதுவாக்கும் கொடி) எல்லாவற்றையும் இழக்கப் பார்த்தார். முடிவு நெருங்கும்போது மஞ்சள் கொடி வந்தால் பந்தயத்தை நீட்டுவார்கள், அதுதான் ஓவர்டைம். இன்று அது வந்தது. புது டயருக்காக, வண்டிகளைக் கவனிக்கும் ஓரத்துப் பிட்டுக்குப் போய், பத்தாவது இடத்துக்கு இறங்கினார். கிடைக்கப்போவது இரண்டே சுற்று. பச்சைக் கொடி விழுந்ததும் ஹீம் இடப்பக்கம் அடிமட்டத்துக்கு இறங்கி மடக்கை வெட்டினார். ஒரே வரிசையில் ஏழு வண்டி விரிந்து பாய்ந்ததை நான் எழுந்து நின்று பார்த்தேன், கத்தக்கூடத் தோன்றவில்லை. வளைவில் மற்றவர்களின் பழைய டயர் சறுக்க, இவருடையது பிடித்தது. பந்தயமும் அவருக்கு, பட்டமும் அவருக்கு. 12-வது வெற்றி. அந்த வண்டியின் எண்ணும் 11. வெளியே வரும்போது ஹாம்லின் சட்டை போட்டவர்கள் எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டு போனார்கள்.

நவம்பர் 1, சனி

காலையிலேயே உள்வட்டத்துக்குள் போய்விட்டோம். இன்று மைத்துனரும் வந்தார். இங்கே கராஜ் பகுதியைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். மெக்கானிக்குகள் நமக்கு இரண்டடி தூரத்தில் வேலை செய்வார்கள். 19-ம் எண் காருக்கு அடியில் ஒருவர் படுத்திருந்தார், வெளியே தெரிந்தது முழங்கால் வரை மட்டும். ஒரு போல்ட்டை முறுக்குவார், டார்ச் அடித்துப் பார்ப்பார், ஒரு காகிதத்தில் டிக் போடுவார், அடுத்த போல்ட்டுக்குப் போவார். அவசரமே இல்லை. ஓர் ஆண்டு உழைப்பின் கடைசி நாளுக்கு முந்தின நாள் என்று அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது.

டயர்கள் நான்கு நான்காக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் சுண்ணக்கட்டியால் எண் எழுதியிருந்தது. காற்றழுத்தம் ஒவ்வொரு டயருக்கும் வேறு. காற்றைக் குறைத்தால் தரையில் படும் பரப்பு கூடும், பிடிப்பு கூடும், வேகம் கூடும். குறைத்தது கொஞ்சம் மிஞ்சினால் பக்கச் சுவர் சூடேறிக் கிழியும். எந்த அளவு வரை போகலாம் என்பதில் ஒவ்வொரு குழுவும் துணிந்துதான் பார்க்கிறது. ஞாயிறன்று இது நம்மைப் படுத்தும் என்று மைத்துனரிடம் சொன்னேன்.

பிட் ஸ்டாப்பையும் அவருக்கு விளக்கினேன். சுவரைத் தாண்டிக் குதிப்பது ஐந்து பேர். ஒருவர் ஜாக்கி, ஒருவர் பெட்ரோல், மற்ற மூவர் டயர். சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டு. நான்கு டயரையும் மாற்ற ஒன்பது, பத்து விநாடி. இரண்டு மட்டும் என்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மிச்சமாகும் அந்த நான்கைந்து விநாடி பிட்டில் ஆறேழு இடங்களுக்குச் சமம். "அப்ப எப்பவுமே ரெண்டே போட்டுட்டுப் போகலாமுங்களே மாமா?" என்றார். போகலாம், ஆனால் மற்ற இரண்டும் தேய்ந்த டயர். நீண்ட ஓட்டம் என்றால் நான்கு போட்டவன் பிடித்துவிடுவான். குறுகிய ஓட்டம் என்றால் பிடிக்க நேரம் இருக்காது. எது எவ்வளவு குறுகியது என்பதைத்தான் குழுவின் தலைவரான க்ரூ சீஃப் ஊகிக்கவேண்டும், அதுவும் வண்டி பிட் ரோட்டுக்குள் திரும்புவதற்குள்.

தகுதிச் சுற்றில் ஹாம்லின் முதலிடம். மனசுக்கு நிறைவு.

சாயங்காலம், கப் தொடருக்கு அடுத்த படியான எக்ஸ்ஃபினிட்டி தொடரின் இறுதி. அந்தப் பெயருக்கும் இதுவே கடைசிப் பந்தயம், அடுத்த ஆண்டு புரவலர் மாறுகிறார். கானர் ஸிலிஷ் 19 வயதுப் பையன், இந்த ஆண்டு 10 வெற்றி. ஆகஸ்டில் வாட்கின்ஸ் க்ளெனில் ஜெயித்து, கொண்டாட வண்டி மேல் ஏறி, கீழே விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டவர். அப்புறமும் விடாமல் வந்து வென்றார். ஆண்டு முழுக்க அவர் கையே ஓங்கியிருந்தது, எதிர்த்து நிற்க ஆளில்லை. எதிரில் ஜெஸ்ஸி லவ். பிப்ரவரியில் டேடோனாவில் வென்றதோடு சரி, அதற்குப்பின் வெற்றி இல்லை.

லவ் இன்று அருமையாக ஓட்டினார். கடைசிக் கட்டத்தில் ஆரிக் அல்மிரோலாவைப் பிடித்து, முந்தி, பிரிந்து போனார். தகராறு, மோதல் எதுவும் இல்லாத சுத்தமான வெற்றி. ஸிலிஷ் மூன்றாவது. பட்டம் லவ்வுக்கு. 10 வென்றவர் வெறுங்கையோடு, 2 வென்றவர் கோப்பையோடு. லவ்விடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. விதி இதுதான் என்று சொல்லிவிட்டார்கள், அவர் அதற்குள் ஜெயித்தார். ஆனால் கூட்டம் கைதட்டியதில் ஒரு தயக்கம் இருந்தது. என் முன்வரிசையில் ஒரு பெரியவர் கைதட்டிக்கொண்டே தலையை இடவலமாக ஆட்டினார்.

வரும் வழியில் மைத்துனர் பேசவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்: "நாளைக்கும் நான் வர்றனுங்க மாமா."

நவம்பர் 2, ஞாயிறு

எழுத உட்கார்ந்து வெகுநேரமாகிறது. வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

நாட்டின் பெரும்பகுதி இன்று அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியது. அரிசோனா திருப்பாது. காலை வெயிலே சுள்ளென்று அடித்தது. வண்டி நிறுத்திய புழுதி மைதானத்திலிருந்து வாசல் வரை எங்கு பார்த்தாலும் திருவிழாக் கூட்டம். எங்கள் வரிசையில் பக்கத்து இருக்கையில் வயதான ஓர் அம்மா, 11-ம் எண் தொப்பி, கையில் சின்ன மின்விசிறி. வர்ஜீனியாவிலிருந்து வந்திருக்கிறார், ஹாம்லினின் மாநிலம். சின்ன வயசில் ஹாம்லின் உள்ளூர் ஓட்டப்பாதைகளில் ஓட்டியதிலிருந்தே பார்க்கிறாராம். "2010-லும் போனேன்" என்றார். அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டு ஹாம்லின் புள்ளிகளில் முன்னிலையோடு ஃப்ளோரிடாவின் ஹோம்ஸ்டெட் இறுதிக்குப் போய், ஜிம்மி ஜான்சனிடம் பட்டத்தை இழந்தார். 2019-ல் அதே ஹோம்ஸ்டெட்டில் முன்பக்கக் காற்று வழியில் ஒட்டிய டேப் எஞ்சினைச் சூடாக்கி, பட்டம் மீண்டும் கைவிட்டுப் போனது. அந்த அம்மா அதற்கும் போயிருக்கிறார்.

ஸ்கேனர் வாடகைக்கு எடுத்திருந்தேன். இடுப்பில் மாட்டும் ரேடியோ. எந்த ஓட்டுநரின் அலைவரிசையை வேண்டுமானாலும் கேட்கலாம். கூரை மேல் நின்றுகொண்டு ஸ்பாட்டர் சொல்வார்: உள்ளே ஒருத்தன், பாதிவரை வந்துட்டான், போயாச்சு. ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, அந்தக் குரலை நம்பித்தான் திரும்புகிறார். 11-ல் வைத்தேன், மைத்துனர் 5-ல் வைத்துக்கொண்டார்.

ஹாம்லின் முன்னால் போனார், முன்னாலேயே இருந்தார். சுற்றுக்குச் சுற்று அதே கோடு, அதே இடத்தில் பிரேக், அதே இடத்தில் ஆக்ஸிலரேட்டர். சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது 208 சுற்றுகள் முன்னிலையில் இருந்திருக்கிறார். மற்றவர்களை டயர் படுத்தியது. நேற்று பயந்தது அப்படியே நடந்தது. பிரிஸ்கோவுக்கு டயர் போனது. லார்சனுக்கும் போய், ஒரு சுற்று பின்தங்கி, அப்புறம் மஞ்சள் கொடி தந்த சலுகையில் முன் சுற்றுக்குத் திரும்பினார். மே மாதம் கன்சாஸில் வென்றதற்குப் பிறகு லார்சனுக்கு வெற்றியே இல்லை, இன்றும் ஒரு சுற்றுகூட முன்னிலை இல்லை. எங்கள் வேலியைத் தாண்டி டயர்த் துகள்கள் வந்து விழுந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக, இன்னும் சூடாக, சுருண்டு, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

கடைசிப் பத்துச் சுற்று. ஹாம்லின் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்து அம்மா மின்விசிறியை அணைத்து மடியில் வைத்துவிட்டார். ஐந்து. நான்கு. ஒரு சுற்றுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. மூன்று.

அப்போது பைரனின் டயர் போய், வண்டி சுவரில் சென்று அடித்தது. அவரும் பட்டத்துக்கு நின்ற நால்வரில் ஒருவர். போன வாரம் மார்ட்டின்ஸ்வில்லில் வென்று உள்ளே வந்தவர். மஞ்சள் கொடி. ஒரு நிமிடமும் சில விநாடியும் ஓடியிருந்தால் போதும்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. "நோ" என்று ஒரே சொல், அதுவும் தனக்குத்தானே.

எல்லாரும் பிட்டுக்கு வந்தார்கள். ஓவர்டைம் என்றால் இரண்டே சுற்று. ஹாம்லினுக்கு நான்கு டயர். லார்சனுக்கு இரண்டு. வெளியே வந்தபோது லார்சன் ஐந்தாவது, ஹாம்லின் பத்தாவது. மைத்துனர் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஹீமும் பத்தாவதுலதான நின்னாருன்னு சொன்னீங்க மாமா?" ஆமாம், வெள்ளிக்கிழமை இதே பத்தாவது இடத்திலிருந்து புது டயர் ஜெயித்தது. ஹாம்லினின் க்ரூ சீஃப் கிறிஸ் கேல் எடுத்த முடிவை இன்றிரவு ஊரே திட்டிக்கொண்டிருக்கும். நான் திட்டமாட்டேன். முதலாவதாகப் பிட்டுக்குள் வருகிறவனுக்குப் பின்னால் வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. அவர் நான்கு போடுவதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் இரண்டு போடலாம். அவர் இரண்டு போட்டால் அவர்கள் நான்கு போடலாம். முன்னால் இருப்பவன்தான் முதலில் சீட்டைக் காட்டியாக வேண்டும். நாள் முழுக்க முன்னால் இருந்ததற்கு அவருக்குக் கிடைத்தது அதுதான்.

லார்சன் பக்கத்தில் கிளிஃப் டேனியல்ஸ் எடுத்தது துணிச்சலான முடிவு. அதையும் சொல்லவேண்டும். வேகம் போதாத காரை வைத்துக்கொண்டு, இடம்தான் இனி முக்கியம் என்று கண்டு, இரண்டே டயரோடு அனுப்பினார்.

பச்சைக் கொடி. வண்டிகள் மடக்கில் விரிந்தன. லார்சன் முன்னவர்களோடு ஒட்டிக்கொண்டு வளைவுக்குள் போனார். ஹாம்லின் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தார், பிடிப்பு இருந்தது, வேகம் இருந்தது, தூரம் இல்லை. 312 சுற்று என்று போட்ட பந்தயம் 319-ல் முடிந்தது. பட்டக் கணக்கில் இல்லாத ரையன் பிளேனி, அவரைப் போலவே அந்த நால்வரில் இல்லாத பிராட் கெஸலோவ்ஸ்கியை 0.097 விநாடியில் முந்திப் பந்தயத்தை வென்றார். லார்சன் மூன்றாவது. ஹாம்லின் ஆறாவது. லார்சன் சாம்பியன், 2021-க்குப் பிறகு இரண்டாவது முறை.

பந்தயத்தை ஒருவர் வெல்ல, பட்டத்தை வேறொருவர் கொண்டுபோவது இந்த முறையில் அபூர்வம். 2014 முதல் 2022 வரை ஒவ்வொரு ஆண்டும் இறுதிப் பந்தயத்தை வென்றவரே சாம்பியன். 2023-ல் ராஸ் சாஸ்டைன் பந்தயத்தையும் பிளேனி பட்டத்தையும் எடுத்தார்கள். இன்று பிளேனி மறுபக்கம் நின்றார்.

லார்சனையும் வாழ்த்தத்தான் வேண்டும். 2020-ல் இணையப் பந்தயம் ஒன்றில் இனவெறிச் சொல்லைப் பேசி வேலையிழந்தவர். அதற்கு மன்னிப்புக் கேட்டு, புழுதிப் பாதைகளில் ஓட்டி, திரும்பி வந்தவர். அம்மா வழியில் ஜப்பானிய அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவருடைய தாத்தா பாட்டி தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தார்கள். 2021 பட்டத்தையும் இதே ஊரில் கடைசி பிட் ஸ்டாப்பில்தான் வாங்கினார். அவருடைய பிட் ஆட்கள் ஐந்து பேரும் இன்று ஓடிய ஓட்டம் எந்த ஓட்டுநருக்கும் குறைந்ததல்ல.

அந்த அம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மைத்துனர்தான் அவருடைய நாற்காலிப் பையையும் குளிர்பெட்டியையும் எடுத்துக்கொண்டு படியிறங்க உதவினார். கீழே வந்ததும் எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்து நன்றி சொன்னார். அடுத்த வருஷம் ஹோம்ஸ்டெட் போவீர்களா என்று கேட்டேன். "அவன் ஓட்டினால் போவேன்" என்றார்.

நவம்பர் 3, திங்கள்

திரும்பும் வழி முழுக்க இதே யோசனை. டோனோபாவில் காபிக்கு நிறுத்தியபோதும், பிளைத்தில் சாப்பிட்டபோதும்.

கடைசி நாளில் பட்டம் முடிவாவது எனக்குப் பிடிக்காமல் இல்லை. 1992-ல் அட்லாண்டாவில் நடந்த இறுதிப் பந்தயம்தான் நான் முதலில் சொல்லாமல் விட்டது. ஆலன் குல்விக்கி, சொந்த அணியைத் தானே நடத்திய ஓட்டுநர். அவரோடு பட்டத்துக்கு மோதிய பில் எலியட் பந்தயத்தையே வென்றார். ஆனால் அதிக சுற்று முன்னிலையில் இருந்தவருக்குக் கூடுதலாக ஐந்து புள்ளி உண்டு. குல்விக்கி 103 சுற்று, எலியட் 102. அந்த ஒரே ஒரு சுற்றால் கூடுதல் புள்ளி குல்விக்கிக்குப் போக, ஆண்டு மொத்தத்தில் 10 புள்ளியில் பட்டம் அவருக்கு. அதே பந்தயம்தான் பழைய ஜாம்பவான் ரிச்சர்ட் பெட்டிக்குக் கடைசி, பின்னாளில் சாம்பியனான ஜெஃப் கார்டனுக்கு முதல். 2011-ல் ஹோம்ஸ்டெட்டில் டோனி ஸ்டூவர்ட்டும் கார்ல் எட்வர்ட்ஸும் சமப் புள்ளியில் முடித்தார்கள். எட்வர்ட்ஸ் அன்று இரண்டாவதாக வந்தும் பட்டம் போனது, காரணம் ஸ்டூவர்ட்டுக்கு வெற்றிகள் அதிகம். இரண்டிலும் கடைசிச் சுற்றுவரை உயிர் கையில் இருந்தது. ஆனால் அங்கே கடைசி நாள் அதற்கு முந்தின நாட்களோடு கூட்டப்பட்டது. தோற்றவருக்கும் எங்கே விட்டோம் என்று திரும்பிப் பார்க்க ஒரு முழு ஆண்டு இருந்தது. நேற்று ஹாம்லினுக்கு அப்படித் திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை. தன் பங்கில் அவர் எதையும் தவறவிடவில்லை.

முறையை மாற்றுவது பற்றி நாஸ்கார் யோசித்துக்கொண்டிருப்பதாகப் பேச்சு அடிபடுகிறது. மாற்றட்டும். குறைந்தபட்சம் சில வாரங்களின் புள்ளியாவது சேரட்டும். ஸிலிஷின் 10 வெற்றியும் கணக்கில் வரவேண்டும், லவ் நன்றாக ஓட்டிய ஒரு மாலையும் வரவேண்டும். இரண்டையும் சேர்த்து எடைபோட வழி இல்லாமல் போகாது. 36 பந்தயம் வைப்பது 36-ம் எண்ணுவதற்குத்தானே.

ஃபீனிக்ஸுக்கு 2020-ல் தொடங்கிய இறுதிப் பந்தய உரிமை இந்த ஆண்டோடு முடிந்தது. 2026-ல் இறுதி மீண்டும் ஹோம்ஸ்டெட்டுக்குப் போகிறது. ஃபீனிக்ஸில் வேறு பந்தயம் நடக்கும். அந்த டாக்லெக் ரீஸ்டார்ட்டுக்காகவே போய்ப் பார்க்கலாம். போகிறவர்கள் காதடைப்பான் எடுத்துப் போங்கள், ஸ்கேனருக்குக் காசு பார்க்காதீர்கள், முடிந்தால் சனிக்கிழமை காலையே உள்வட்டத்துக்குள் போய்விடுங்கள்.

வீடு வந்து சேர்ந்ததும் மைத்துனரிடமிருந்து செய்தி. ஹாம்லினின் ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டிருந்தார். ஜூலையில்தான் இரண்டு வருஷம் நீட்டினார்கள் என்று எழுதினேன். அடுத்த பந்தயம் எப்போது என்று அடுத்த கேள்வி. டேடோனா 500, பிப்ரவரி 15.